மஞ்சள் பூத்ததெல்லாம் கரிசலாங்கண்ணி இல்லை

பினாங்கில் இருப்பவர்களுக்கு இந்தச் செடியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பாலத்தை விட்டு இறங்கியதும் வரும் சரிவு, கொண்டோ வாசல், லோங்காங் என்கிற சாக்கடை ஓரம், பள்ளிக்கூட வேலிக்கடி என்று எங்கே திரும்பினாலும் தரையோடு தரையாகப் படர்ந்து, பளபளக்கும் இலைக்கு மேலே மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். லேண்ட்ஸ்கேப் வேலையில் இருக்கும் எங்களுக்கு அது ‘விடேலியா’. பாலிபேக்கில் வரும், விலை மலிவு, வெயிலுக்கும் சாகாது, தண்ணீர் தேங்கினாலும் சாகாது, கணுவுக்குக் கணு வேர்விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். நடுவதற்கு ஒரு நாள் ஆள் விட்டால் போதும், அப்புறம் காலம் முழுக்க அதை வெட்டத்தான் ஆள் தேட வேண்டும். அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்க எனக்கு ஒரு காரணமும் இருந்ததில்லை, எங்கள் பிளாட் டீச்சரம்மா அதைப் பறித்து அரைத்துக் குடிக்கிறார் என்று தெரியும்வரை.

டீச்சரம்மா ஆறாவது மாடி. தோட்டப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், புளோக்கில் பாதிப் பேருக்கு அவர் பெயரே தெரியாது, எல்லோருக்கும் டீச்சர்தான். வள்ளலார் மீது பற்று அதிகம். கரிசலாங்கண்ணியையும் தூதுவளையையும் வள்ளலார் எவ்வளவு உயர்த்திச் சொன்னார் என்பதை லிஃப்டில் ஆறு மாடி ஏறுவதற்குள் நமக்குச் சொல்லி முடித்துவிடுவார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலையில் கீழே கார் நிறுத்தும் இடத்துச் சரிவில் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார், கையில் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய இலை.

“தம்பி, காலடியிலேயே கிடக்குது மஞ்சள் கரிசலாங்கண்ணி. இத்தனை நாளா நான் லிட்டில் இந்தியாவுல பொடிக்குக் காசைக் கொட்டிக்கிட்டு இருந்தேன் பாரு.”

“டீச்சர், அது விடேலியா. ரோட்டோரத்துல நடுறது.”

“அதத்தானே நானும் சொல்றேன்? மஞ்சள் கரிசலாங்கண்ணியோட இங்கிலீஷ் பேரே விடேலியாதான்.”

அதோடு விடவில்லை. மாலையில் வீட்டுக்குக் கூப்பிட்டு, அட்டை கழன்ற பழைய மூலிகைப் புத்தகம் ஒன்றை எடுத்துக் காட்டினார். கறுப்பு வெள்ளையில் ஒரு கோட்டுப்படம், கீழே மஞ்சள் கரிசலாங்கண்ணி, அதற்கும் கீழே தாவரவியல் பெயர்: விடேலியா கலெண்டுலேசியா. நான் செடியைப் பார்த்து விடேலியா என்கிறேன், அவர் புத்தகத்தைப் பார்த்து விடேலியா என்கிறார். நான் சொல்வதும் சரி, அவர் சொல்வதும் சரி. ஆனால் செடி ஒன்றில்லை. இதை எப்படி விளக்குவது என்று எனக்கு அன்றைக்குப் பிடிபடவில்லை, போனில் இருந்த செடி கண்டுபிடிக்கும் ஆப்பைத் திறந்து படம் எடுத்தேன். அது ஸ்பாக்னெட்டிகோலா என்று மூன்றாவதாக ஒரு பெயரைச் சொல்லியது. “இதுக்கு வாயில நுழையிற மாதிரி ஒண்ணும் சொல்லத் தெரியாதா?” என்று கேட்டுவிட்டு டீச்சர் காபி போட எழுந்து போய்விட்டார்.

பேரை மாற்றுவதே பிழைப்பா?

எங்கள் தொழிலில் தாவரவியல்காரர்கள் என்றாலே ஒரு சலிப்பு உண்டு. டெண்டர் தாளில் ஒரு பெயர், நர்சரிக்காரர் பில்லில் ஒரு பெயர், ஆர்க்கிடெக்ட் வரைபடத்தில் இன்னொரு பெயர், மூன்றும் ஒரே செடி. “இவனுங்களுக்கு வேற வேலை இல்ல, பேரை மாத்திக்கிட்டே இருப்பானுங்க” என்று நர்சரிக்காரர் சொல்லும்போது நானும் தலையாட்டியிருக்கிறேன். விடேலியா விஷயத்தில் அந்தச் சலிப்புக்குக் காரணமும் இருக்கிறது. பேரினம் என்பது நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் கூட்டம், செடியின் இரட்டைப் பெயரில் முதல் பாதி அதுதான். ரோட்டோரத்து அமெரிக்கச் செடிக்கு 1991இல் ஜான் ஸ்ட்ரோதர் காம்ப்ளாயா என்று ஒரு பேரினத்தை உண்டாக்கி அதில் வைத்தார். 1992இல் ஹரோல்ட் ராபின்சனும் குவாட்ரெகாசாஸும் அதைத் தெலெக்கிட்டோனியாவுக்கு மாற்றினார்கள். 1996இல் ஜான் புருஸ்கி வந்து ஸ்பாக்னெட்டிகோலா என்றார். ஐந்து வருஷத்தில் மூன்று வீடு. வாடகைக்கு இருப்பவர்கள்கூட இவ்வளவு வேகமாக மாறமாட்டார்கள்.

ஆனால் டீச்சரம்மாவின் பை நிறைய இலையைப் பார்த்த பிறகு எனக்கு அந்தச் சலிப்பு கொஞ்சம் திசைமாறியது. மாற்றியது தொல்லை என்றால், மாற்றாமல் விட்டிருந்தது அதைவிடப் பெரிய தொல்லையாக இருந்திருக்கிறதே? இரண்டு செடியும் ஒரே பெயரின் கீழ் நூறு வருஷத்துக்கு மேல் கிடந்ததால்தானே இப்போது டீச்சர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்? சரி, அது எப்படி ஆனது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன், ராத்திரி சாப்பிட்டு முடித்துக் கிடைக்கிற நேரத்தில்.

கதை, செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸிடம் தொடங்குகிறது. 1753இல் அவர் போட்ட பெரும் பட்டியலில் நம் மஞ்சள் கரிசலாங்கண்ணி வெர்பெசினா என்ற பேரினத்தில் இருக்கிறது, வெர்பெசினா கலெண்டுலேசியா என்ற பெயரில். வேடிக்கை என்னவென்றால் வெள்ளைக் கரிசலாங்கண்ணியும் அதே வெர்பெசினாவில்தான், அதுவும் ஒரு பெயரில் இல்லை, ஆல்பா என்றும் புராஸ்ட்ராட்டா என்றும் இரண்டு பெயரில். ஆக வெள்ளையையும் மஞ்சளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசும் நம்மூர் வழக்கத்துக்கும் லின்னேயஸுக்கும் அந்த இடத்தில் சண்டையே இல்லை. அமெரிக்கச் செடி அவர் கைக்கு வந்தபோது, 1759இல், அதை வேறு எங்கோ தூக்கி வைத்தார், சில்ஃபியம் டிரைலோபாட்டம் என்று. அதாவது இன்றைக்கு ஒன்றாகப் பேசப்படும் இந்த இரண்டு மஞ்சளும் ஆரம்பத்தில் தனித்தனி வீட்டில் இருந்தவை.

விடேலியா என்ற பேரினம் 1760இல் ஜாக்குவின் ஏற்படுத்தியது, யேனாவில் பேராசிரியராக இருந்த கியோர்க் வோல்ஃப்காங் வேடல் என்ற மருத்துவரின் நினைவாக. அப்புறம் அந்தப் பெயருக்குள் வந்து விழாதது இல்லை. மஞ்சள் பூ, எதிரெதிராக இலை, சொரசொரப்பு, சூரியகாந்தி ஜாடை, போடு விடேலியாவில் என்ற கதை. நம் மஞ்சள் கரிசலாங்கண்ணி 19ஆம் நூற்றாண்டில் உள்ளே போனது. அமெரிக்கச் செடி 1893இல் ஹிட்ச்காக் கையால் உள்ளே போனது. நம் செடி நுழைந்த இடத்தில் இன்னொரு சிக்கல்: விடேலியா கலெண்டுலேசியா என்ற பெயரை ஏற்கெனவே வேறொரு செடிக்கு வேறொருவர் கொடுத்துவிட்டிருந்தார். ஒரே பெயர் இரண்டு செடிக்கு இருக்கக்கூடாது, முதலில் வந்தவருக்குத்தான் உரிமை. அதனால் ஓஸ்பெக் என்பவர் 1757இல் சீனாவில் பார்த்து சாலிடாகோ சைனென்சிஸ் என்று எழுதிவைத்திருந்த பெயரைத் தூசி தட்டி எடுத்து, 1917இல் மெரில் அதை விடேலியா சைனென்சிஸ் ஆக்கினார். டீச்சரம்மா புத்தகத்தில் ஒன்று, கடையில் வாங்கும் பொடி டப்பாவில் ஒன்று என்று இரண்டு பெயர் இருப்பதற்குக் காரணம் இதுதான். இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் முளைக்கிற செடிக்கு சீனத்தின் பெயர் எப்படி வந்தது என்று யாராவது ரோஷப்பட்டால், விதிமுறை அப்படி, யாரும் வேண்டுமென்று செய்யவில்லை.

புருஸ்கி 1996இல் செய்தது என்ன? அமெரிக்கச் செடியையும் அதன் நெருங்கிய சொந்தங்களையும் விடேலியாவிலிருந்து பிரித்தாக வேண்டும் என்பது அதற்கு முன்பே ஒப்புக்கொண்டதுதான். இந்தக் கூட்டத்துக்கு எந்தப் பெயர் என்பதில்தான் இழுபறி. 1900இலேயே ஹாஃப்மன் என்ற ஜெர்மானியர் பிரேசில் செடி ஒன்றை வைத்து ஸ்பாக்னெட்டிகோலா என்று ஒரு பேரினம் எழுதியிருக்கிறார், யாரும் அதை இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. அந்தச் செடியும் இந்தக் கூட்டம்தான் என்று புருஸ்கி காட்டியதும் பழைய பெயருக்கே உரிமை போய்விட்டது, காம்ப்ளாயாவும் தெலெக்கிட்டோனியாவும் வீட்டுக்குப் போயின. கூடவே நம் மஞ்சள் கரிசலாங்கண்ணியையும் அவர் அதற்குள் கொண்டுவந்தார். புது வீட்டில் கலெண்டுலேசியா என்ற பெயரை யாரும் பிடித்துவைத்திருக்கவில்லை, அதனால் லின்னேயஸ் வைத்த அந்தப் பழைய பெயரே அதற்குத் திரும்பக் கிடைத்தது. மொத்தப் பேரினத்திலும் நாலைந்து இனங்கள்தான். மற்றதெல்லாம் அமெரிக்கக் கண்டத்துக்குச் சொந்தம், ஆசியாவுக்கு நம்முடையது ஒன்று மட்டும்.

இதைப் படித்து முடித்ததும் எனக்கு டீச்சரம்மாவை நினைத்துச் சிரிப்பு வந்தது. நான் அவருக்கு எதிராக ஆதாரம் தேடப் போய், அவர் கட்சிக்கு வலு சேர்க்கிற மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன். இரண்டு மஞ்சளும் இப்போது முன்னைவிட நெருக்கமாகிவிட்டன. விடேலியா என்ற பெரிய கூட்டத்தில் எங்கோ மூலைக்கொன்றாக இருந்தவை, இன்றைக்கு நாலைந்து பேர் மட்டும் இருக்கும் ஒரு சின்னக் குடும்பத்துக்குள் வந்துவிட்டன.

மேசைமேல் இரண்டு கிளை

இது நடந்து கொஞ்ச நாளில் சுங்கை பட்டாணியிலிருந்து டீச்சருக்குத் தெரிந்த ஒருவர், தமிழ்நாட்டுக் கட்டிங்கிலிருந்து வளர்த்தது என்று சொல்லி, ஒரு சின்னத் தொட்டியில் அசல் மஞ்சள் கரிசலாங்கண்ணியைக் கொண்டுவந்து கொடுத்தார். டீச்சர் என்னைக் கூப்பிட்டார். நான் கீழேயிருந்து ஒரு கிளை வெட்டிக்கொண்டு போனேன். சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம், டீச்சர் பேத்தியின் பூதக்கண்ணாடி ஒன்றும் அகப்பட்டது.

தூரத்தில் பார்த்தால் யாருக்கும் குழப்பம் வரத்தான் செய்யும். கிட்டத்தில் பார்த்தால் முதல் வித்தியாசம் இலை. கீழேயிருந்து வந்தது தடித்த இலை, எண்ணெய் தடவிய மாதிரி மினுக்கு, நுனிக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒவ்வொரு மடல் புடைத்து நிற்கும், மொத்தம் மூன்று மடல், லின்னேயஸ் டிரைலோபாட்டம் என்று எழுதியதும் இதைப் பார்த்துத்தான். தொட்டிச் செடியின் இலை ஒல்லி, நீளம், மடலே கிடையாது, ஓரத்தில் அங்கொன்று இங்கொன்றாக மேம்போக்கான பல், மினுக்கு இல்லை, விரலால் தடவினால் இரண்டு பக்கமும் சொரசொரப்பு. ஒன்று சொல்ல வேண்டும், நிழலில் வளரும் ரோட்டோரச் செடி சில சமயம் மடல் இல்லாமலும் இலை விடும், ஒரே ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்து முடிவுகட்டிவிடக்கூடாது, ஒரு முழத் தண்டில் மேலிருந்து கீழ்வரை பார்க்க வேண்டும்.

பூவைப் பிய்த்தபோதுதான் டீச்சர் சுவாரசியமானார். நாம் ஒரு பூ என்று சொல்வது ஒரு பூ இல்லை, சூரியகாந்திக் குடும்பம் முழுக்க இப்படித்தான். ஓரத்தில் இதழ் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொன்றும் தனிப் பூ, நடுவில் பொட்டுப் பொட்டாக இருப்பதும் ஒவ்வொன்றும் தனிப் பூ. ஓர் ‘இதழை’ அடியோடு உருவினால் அதன் காலில் குட்டியாக ஒரு சூல் ஒட்டிக்கொண்டு வரும், அதுதான் பின்னால் விதையாக நிற்கும். நுனியில் சின்ன வெட்டுகள் தெரியும், ஒரு முழுப் பூவின் இதழ்கள் ஒட்டிப்போன அடையாளம். டீச்சர் ஒன்றொன்றாக உருவி பேப்பரில் வரிசை வைத்தார். “அறிவியல் வாத்தியார் லீவு போட்டா நான்தான் கிளாஸ் எடுப்பேன், இதை எனக்கு யாருமே காட்டலையே” என்றார். பேரினத்தைப் பிரிக்கிறவர்கள் பார்ப்பது இந்த இடத்தைத்தான். மஞ்சளா வெள்ளையா, பெரிசா சின்னதா என்பதெல்லாம் அவர்களுக்குப் பிற்பாடு. விதையின் தோல் வழுவழுப்பா கொப்புளம் கொப்புளமாக இருக்கிறதா, தலையில் முடியா முள்ளா சின்னக் கிண்ண விளிம்பா, இந்த மாதிரி கணக்கு. முதிர்ந்த பூவிலிருந்து டீச்சர் நகத்தால் கெல்லி எடுத்த விதைகளில் அந்தக் கொப்புளம் இரண்டு செடிக்கும் இருந்தது. இலையில் எட்டிப்போனவை விதையில் ஒட்டி வந்தன.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார், “அப்ப நான் சொன்னது சரிதானே? ரெண்டும் ஒரே ஜாதின்னு நீ படிச்ச ஆளே சொல்லிட்டார். அப்புறம் குடிச்சா என்ன?”

இந்தக் கேள்விதான் எனக்குள்ளேயும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பால்கனியில் பார்த்தேன், கம்பியில் ஏறிய தூதுவளை. சொன்னேன், “டீச்சர், தூதுவளையும் உருளைக்கிழங்கும் ஒரே பேரினம். சொலானம். கத்தரிக்காய், சுண்டைக்காய், மணத்தக்காளி எல்லாம் அதுக்குள்ளதான். தக்காளியைக்கூட வேற வீட்டுல இருந்து கொண்டுவந்து இப்ப அதுலேயே சேர்த்துட்டாங்க. தூதுவளை இலையில ரசம் வைப்பீங்க. உருளைக்கிழங்குச் செடி இலையில வைப்பீங்களா?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. தோட்டத்தில் வளர்ந்தவர், கேமரன் மலையில் உறவுக்காரர்கள் காய்கறி போட்டவர்கள், உருளைக்கிழங்கு இலை ஆகாது என்பது அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. “அப்ப ஒரே ஜாதின்னு சொல்றதுக்கு என்னதான் அர்த்தம்?” என்று கேட்டார், வாதத்துக்காக இல்லை, நிஜமாகவே.

எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான். வகைப்பாடு பிறப்பைச் சொல்கிறது, யார் யாரோடு ஒரே வயிற்றில் வந்தார்கள் என்று. நம் புத்தகம் சொல்வது உபயோகத்தை, எந்தச் செடியை எந்த நோவுக்கு எத்தனை தலைமுறை சாப்பிட்டுப் பார்த்தார்கள் என்று. மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு அந்த இரண்டாவது கணக்கு இருக்கிறது, தமிழ்நாட்டிலும் இருக்கிறது, சீன மருத்துவத்திலும் இருக்கிறது. கீழே சரிவில் இருப்பதற்கும் கரீபியன் பக்கம் ஏதோ நாட்டு வைத்தியம் உண்டு, ஆனால் அது அவர்கள் கணக்கு, அவர்கள் நோவு, அவர்கள் அளவு. வள்ளலார் சொன்னதை அதன் தலையில் ஏற்றி வைக்க முடியாது. இது ஒரு பக்கம் இருக்கட்டும், தொழில்காரனாக நான் சொல்ல வேண்டியதும் ஒன்று இருந்தது: அந்தச் சரிவில் களைக்கொல்லி அடிக்கிறார்கள். எப்போது அடிப்பார்கள் என்று யாரும் ஆறாவது மாடிக்கு வந்து சொல்லமாட்டார்கள். தாவரவியலை டீச்சர் பொறுமையாகக் கேட்டார். களைக்கொல்லி என்றதும்தான் பையை எடுத்துக் குப்பையில் போட்டார்.

வெள்ளை, மஞ்சள், கடற்கரை

ஒரு விஷயத்தில் நம்மூர் வகைப்பாட்டை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். வெள்ளைக் கரிசலாங்கண்ணி எக்லிப்டா புராஸ்ட்ராட்டா, மஞ்சள் இப்போது ஸ்பாக்னெட்டிகோலா, ஒன்றின் பூ சட்டைப் பொத்தான் அளவு வெளுத்த பூ, இன்னொன்றுடையது நாணயம் அளவு பளீர் மஞ்சள். பார்வைக்கு இரண்டையும் ஒரே பெயரில் சேர்க்க எந்த நியாயமும் இல்லை, ஆனால் நம்மவர்கள் சேர்த்தார்கள், முன்னால் நிறத்தை மட்டும் ஒட்டவைத்து. இன்றைய வகைப்பாட்டில் இரண்டும் எக்லிப்டினே என்ற ஒரே துணைக்கூட்டத்தில் இருக்கின்றன, அந்தக் கூட்டத்துக்குப் பெயர் கொடுத்ததே வெள்ளைதான். இன்னும் ஒன்று. சென்னை மாநிலக் கல்லூரியில் டி.ஆர். கோவிந்தாச்சாரியும் அவருடன் இருந்தவர்களும் மஞ்சள் கரிசலாங்கண்ணியிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து அதன் அமைப்பை 1956இல் வெளியிட்டார்கள். விடேலியாவிலிருந்து வந்ததால் வெடலோலாக்டோன் என்று பெயர். அதே பொருள் வெள்ளையிலும் இருக்கிறது, கல்லீரல் ஆராய்ச்சி என்றால் இன்றைக்கும் அந்தப் பெயர் அடிபடும். செடி 1996இல் விடேலியாவைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டது, அதிலிருந்து வந்த மருந்துப் பொருள் மட்டும் பழைய முகவரியிலேயே இருக்கிறது. பேரை மாற்றுகிறவர்களின் கை வேதியியல்காரர்கள் அலமாரிவரை எட்டவில்லை போலிருக்கிறது.

வெள்ளைக்கு மலாய்க்காரர்கள் உராங்-ஆரிங் என்பார்கள், அந்தப் பெயரில் கூந்தல் எண்ணெய் பாட்டில் இங்கே எந்த மளிகைக் கடையிலும் இருக்கும். சீனர்களின் மருந்துக் கடையில் அதுவே காய்ந்த கட்டாகக் கிடைக்கும், ஹான் லியான் சாவ் என்று கேட்டால் போதும். தண்டைக் கிள்ளிக் கசக்கினால் கொஞ்ச நேரத்தில் கையில் கறுப்பேறும், மூன்று இனத்தாரும் முடிக்கு நினைத்ததற்கு அந்தக் கறுப்புதான் காரணமாக இருக்க வேண்டும் என்பது என் ஊகம். டீச்சரின் அம்மா தோட்டத்தில் இருந்த காலத்தில் காய்ச்சிய எண்ணெயும் இந்த வெள்ளையில்தான். அதற்குத் தேட வேண்டியிருக்கவில்லை, லயத்துக்குப் பின்னால் ஈரமான இடத்தில் தானாக முளைத்தது, தமிழ்நாட்டு வரப்பில் பார்த்த அதே செடி. மஞ்சளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. இந்தத் தீவில் நான் வேலை பார்த்த இடங்களில் தானாக வளர்ந்து அதைப் பார்த்ததில்லை. பெயர் மட்டும் கப்பலேறி வந்து, வருஷக்கணக்கில் ஆள் இல்லாமல் காத்திருந்தது. அமெரிக்காவிலிருந்து ஒரு மஞ்சள் பூ அலங்காரத்துக்கு வந்து சேர்ந்ததும் அதன்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. வரப்போரத்தில் மஞ்சள் என்றால் ஒரே ஒரு செடி என்று இருந்த ஊரில் நிறத்தை மட்டும் சொன்னது போதுமானதாக இருந்தது. இங்கே போதவில்லை.

போதாது என்பதற்கு மூன்றாவதாகவும் ஒரு சாட்சி உண்டு. தெலுக் பாஹாங் பக்கம் கடற்கரையில் நடந்தால், மணலுக்கும் காட்டுக்கும் நடுவில் புதர்மேல் ஏறிக் கிடக்கும் ஒரு மஞ்சள் பூச்செடி, மலாயில் செருனாய் லாவுட். இதுவும் நேற்றுவரை விடேலியாதான், விடேலியா பைஃப்ளோரா. பிறகு மெலந்தெராவுக்குப் போய், இப்போது வொல்லஸ்டோனியா. இந்தக் கடற்கரைக் கூட்டத்தின் சிக்கலைப் பிரிப்பதற்கென்றே ஆர்ச்சர்ட் என்ற ஆஸ்திரேலியர் 2013இல் நூறு பக்கத்துக்கு மேல் எழுதினார், ஆஸ்திரேலியா முதல் மலேசியா வட்டாரம்வரை. நான் முழுதாகப் படிக்கவில்லை, படிக்கிற பொறுமை தொழில்காரனுக்கு வராது. ஆனால் படங்களையும் விதைகளின் வர்ணனையையும் புரட்டிவிட்டு அந்தக் கடற்கரைக்குப் போனபோது, முன்பு ‘விடேலியா மாதிரி ஒன்று’ என்று தாண்டிப் போன செடியின் முன்னால் நின்று இலையின் மூன்று நரம்பைப் பார்க்கத் தோன்றியது. அது தானாக வந்த செடி, இந்தக் கரைக்கே சொந்தம். ரோட்டோரத்தது உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்கள் பட்டியலில் இருப்பது, நாங்கள் அதற்கு பில் போட்டு நடுகிறோம். மூன்றையும் விடேலியா என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தால் இந்த வித்தியாசத்தைச் சொல்ல வாயே இருந்திருக்காது. நர்சரிக்காரரிடம் இதைச் சொன்னேன். “சரி அண்ணே, பில்லுல என்ன பேர் போடட்டும்?” என்று மட்டும் கேட்டார்.

டீச்சரம்மா தொட்டிச் செடியைக் கட்டிங் எடுத்து இப்போது நாலு தொட்டி ஆக்கிவிட்டார். காலையில் அதிலிருந்துதான் இலை. போன வாரம் தொட்டியில் பூ வந்ததும் என்னைக் கூப்பிட்டார், புதுச் சந்தேகம். சீனாவின் தெற்குப் பக்கம் இந்த இரண்டு மஞ்சளும் அடுத்தடுத்து வளர்ந்த இடங்களில் கலந்து, இரண்டுக்கும் நடுவான செடிகள் முளைத்திருக்கின்றன, அதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள் என்று நான் எப்போதோ சொல்லியிருந்தேன், இரண்டும் எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்பதற்கு உதாரணமாக. அவர் அதை மறக்கவில்லை.

“கீழ இருக்கிறதுலேர்ந்து தேனீ ஆறு மாடி ஏறி வருமா தம்பி?”

“வரும் டீச்சர். உங்க துளசிக்கு வருதே.”

“விதை விழுந்து தொட்டியில முளைச்சா, எது எதுன்னு அப்புறம் யாரு உக்காந்து இலையை எண்ணுறது?” என்று சொல்லிக்கொண்டே நாலு தொட்டியிலும் இருந்த பூவை ஒன்று விடாமல் கிள்ளி எடுத்தார். “எனக்கு இலைதானே வேணும்.”